டியூபின் மறுமுனையில்

இழுக்கிறேன், வருகிறது. விடுகிறேன், குமிழிகளாகக் காதைத் தடவிக்கொண்டு மேலே போகிறது. மறுபடி இழுக்கிறேன், வருகிறது. எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் உயர ஆழத்தில், மணலில் முழங்காலை ஊன்றியபடி, கால்மணி நேரமாக நான் செய்கிற வேலை இது ஒன்றுதான். சங்கு எடுக்க வந்தவன். வலைப்பையில் மூன்றே மூன்று சங்கு கிடக்கிறது. எதிரே மணலில் சங்கு ஊர்ந்துபோன தடம் இரண்டு தெரிகிறது, போய்க் கையை விட்டால் போதும், போக மனசில்லை. பதினேழு வருஷமாகச் சங்கு குளிக்கிறேன். மூச்சைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. சோறு தின்கிறபோது தொண்டையை யார் நினைக்கிறார்கள். இன்றைக்கு ஒவ்வொரு மூச்சையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். ரப்பர் ருசி. அதற்கடியில் லேசாக எண்ணெய். இது எப்போதும் உள்ளதுதானா, நேற்றும் இருந்ததா? நேற்று மேலே சந்தியாகு இருந்தான். வள்ளத்தில், எனக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடுப்புக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருப்பான், நான் கீழே நிம்மதியாக இருப்பேன். இன்றைக்கு சந்தியாகுவுக்குக் காய்ச்சல். டியூபின் மறுமுனையில் இருப்பது இன்னாசி மச்சான், என் பெண்டாட்டி பிலோமியின் அண்ணன். அவருடைய தம்பி தஸ்நேவிஸ் இதே கடலில் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நேவிஸ் கீழே, நான் மேலே. இன்றைக்கு நான் கீழே, அவன் அண்ணன் மேலே. வள்ளத்தில் வேறு ஆள் கிடையாது.

நான் கூப்பிடவில்லை. விடிந்தும் விடியாமல் கரையில் நின்றிருந்தார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. சந்தியாகு வரமாட்டான், நான் வாறேன் மாப்ள என்றார். சந்தியாகுவின் காய்ச்சல் எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு எப்படி அதற்கு முன்னால் தெரியும்? இரண்டு வருஷமாக என் வள்ளத்தில் கால் வைக்காதவர். எதிரே வந்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். இந்த இடத்துக்கு வந்ததும் நங்கூரம் போட்டு, கம்ப்ரஸரை ஓட விட்டு, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தபோது வாயில் கவ்வுகிற ரப்பரை என்னிடம் நீட்டினார். நீட்டுவதற்கு முன் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். எதற்குத் துடைத்தார்? சந்தியாகு ஒருநாளும் துடைத்ததில்லை, எவனும் துடைப்பதில்லை, கடல் தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். ஏதாவது தடவியிருப்பாரோ என்று தோன்றி, கவ்வியதும் நாக்கால் சுற்றிலும் நக்கிப் பார்த்தேன். துண்டின் வேர்வை உப்பு. அது அவர் உப்பா கடல் உப்பா. இப்படியெல்லாம் நினைக்கிறவனாக நான் எப்போது ஆனேன் என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது. இழுக்கிறேன். வருகிறது.

ஆனால் முழுசாக வரவில்லை. நெஞ்சின் மேல்பாதி மட்டும் நிறைகிறது, அடியில் இறங்க மாட்டேன் என்கிறது. பயந்தவன் கழுத்தால் மூச்சு விடுவான் என்று டாக்டர் சொன்னார். நேவிஸ் செத்து ஒரு மாதம் கழித்து, கோவில் பக்கத்து மண்டபத்தில் குளியாட்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். ஒரு தட்டில் ஆட்டு நுரையீரலைக் கொண்டுவந்திருந்தார், கறிக்கடையில் வாங்கியது, சுருங்கி ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. தொண்டைக் குழாயில் ஒரு டியூபைச் சொருகி சைக்கிள் பம்பால் அடித்தார். அது எழுந்தது. ரோஸ் நிறத்தில், பெரிதாக, உயிரோடு இருக்கிற மாதிரி. நாங்கள் சிரித்தோம், எங்களுக்கு அப்போது சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னார், நுரையீரலுக்குச் சொந்தமாகப் பலமே கிடையாது, அதனால் ஒரு சொட்டுக் காற்றைக்கூட இழுக்க முடியாது. விலாவுக்குக் கீழே ஒரு சதைத்தட்டு இருக்கிறது, அது கீழே இறங்கும், விலா எலும்பு விரியும், உள்ளே இடம் கிடைக்கும், இடம் கிடைத்தால் காற்று தானாக வரும். யாராவது இடம் விட்டால்தான் அது விரியும், விடாவிட்டால் சும்மா தொங்கும். பிறகு புகையைப் பற்றிச் சொன்னார். இன்ஜின் புகை காற்றில் கலந்து உள்ளே போனால் மூச்சு நன்றாகத்தான் நடக்கும், நெஞ்சு நிறையும், வடியும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் ரத்தம் அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டு விடாது, நல்ல காற்றுக்கு அங்கே இடம் இருக்காது. மூச்சு விட்டுக்கொண்டே மூச்சில்லாமல் செத்துப்போவான். அப்போது எனக்கு முன்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார், முகம் செவக்குமா டாக்டர்? டாக்டர் ஆமாம் என்றார், உதடும் கன்னமும் நல்ல சிவப்பாக இருக்கும், பார்த்தால் செத்தவன் மாதிரியே தெரியாது என்றார். கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அது இன்னாசி மச்சான். திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்த முதுகை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஏன் கேட்டார்? சும்மா கேட்டிருக்கலாம். தம்பியைப் பறிகொடுத்தவன் எதையாவது கேட்கத்தான் செய்வான். நேவிஸை மேலே இழுத்துப் போட்டபோது அவன் முகம் சிவந்திருந்தது, கரையில் எல்லாரும் பார்த்தார்கள். இருபத்திமூன்று வயசுப் பையன், கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் கிடந்தான். கூட்டத்தில் யாரோ, ராத்திரி நல்லாப் போட்டிருக்கான்போல, முகத்தப் பாரு என்றார்கள். இன்னொருத்தர் என்னைப் பார்த்து, போட்டிருந்தானா என்று கேட்டார். நான் ம் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வாயைக்கூடத் திறக்கவில்லை, மூடிய வாயோடு மூக்கு வழியாக விட்ட அரை மூச்சு. அந்த அரை மூச்சை ஊர் பிடித்துக்கொண்டது. போலீஸ், ஆஸ்பத்திரி ஒன்றும் வேண்டாம் என்று, எங்களுக்கு முன்பணம் கொடுக்கிற சம்மாட்டி பேசி முடித்தார், அன்று சாயங்காலமே கல்லறைத் தோட்டம். குடித்துவிட்டுக் கடலில் இறங்கிச் செத்தவன் என்று பெயர். அவன் அம்மா, என் அத்தை, அவன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மாட்டச் சொல்லி பிலோமி அழுதபோதும் மாட்டவில்லை. என்னைக் கண்டால் மட்டும் ஒரு குறைவுமில்லாமல் சோறு போடுவாள், நீயாவது அவனப் பத்திரமா மேல இழுத்துக்கிட்டு வந்தியே என்பாள்.

பிலோமி. காலையில் நான் தூக்குச்சட்டியைக் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டே, வாசல்படி மேல இருக்கு எடுத்துக்கோங்க என்றாள். தினமும் அப்படித்தான் சொல்வாளா? நேற்று சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்தாள், கேட்டதற்கு அம்மாவுக்கு முட்டுவலி என்றாள். முட்டுவலிக்கு இத்தனை நேரமா? அண்ணனும் தங்கையும் என்ன பேசினார்கள்? அவளுக்கு ஒன்று தெரியும். தெரியும் என்று அவளுக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியாது. நேவிஸ் செத்த அன்று காலை பத்து மணிக்கு நான் அவளோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு அப்போது பெயர் வைக்கவில்லை. அவள் ஒரு பெயர் சொன்னாள், நான் வேறொன்று சொன்னேன், சிரித்தோம். பேசி முடித்து அரைமணியில் அவள் தம்பி பிணமானான் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. என் போனில் அந்த அழைப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன். அவள் போனில் இருந்திருக்கும். பதினோரு நிமிஷம். ஒருநாள் திடீரென்று கேட்டாள், அன்னைக்கு நாம பேசும்போது நேவிஸ் எங்க இருந்தான்? பக்கத்துல வல காயப்போட்டுக்கிட்டு இருந்தான், அப்புறந்தான் இறங்கினான் என்றேன். சரி என்றாள். அந்தச் சரியில் என்ன இருந்தது? அதன் பிறகு கேட்கவேயில்லை, கேட்காமல் இருப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது.

அவன் கீழேதான் இருந்தான். இதை நான் இத்தனை தெளிவாக எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, எட்டுப் பாகத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் சொல்கிறேன். அவன் கீழே. நான் மேலே, அவன் கயிற்றைக் கையில் பிடிக்காமல் குறுக்குப் பலகையில் கட்டிவிட்டு, கம்ப்ரஸர் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று வள்ளத்தின் முன்முனைக்கு, முன்னணியத்துக்குப் போனேன். காலையில் கரைக்காற்று அடிக்கும், பத்து மணி வாக்கில் ஓய்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் நின்று, பிறகு கடல்காற்றாகத் திரும்பும். எல்லா நாளும் திரும்பும், பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வள்ளமும் கூடவே திரும்பினால் புகை பின்னால் போய்விடும். நீரோட்டம் வள்ளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால் இன்ஜின் புகை நேராகக் கம்ப்ரஸர் காற்று இழுக்கிற குழாய்க்கு வரும், அந்தக் குழாயை எடுத்து மறுபக்கம் மாட்டவேண்டும். மேலே இருக்கிறவனுக்கு வேலையே அதுதான். நான் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். கயிற்றை இழுத்திருப்பானோ, பலகையை இழுத்திருப்பானோ, பலகை எப்படி மறுமொழி சொல்லும். திரும்பி வந்து பார்த்தபோது குமிழி வந்துகொண்டுதான் இருந்தது, அதனால் நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். குமிழி வந்தால் ஆள் இருக்கிறான் என்றுதானே எல்லாரும் நினைப்போம்.

நாக்கில் ஏதோ. இழுத்ததைப் பாதியில் நிறுத்துகிறேன். நிறுத்தி, மெதுவாக மீதியையும் இழுக்கிறேன். டீசல். இது ரப்பருக்கடியில் இருந்த பழைய எண்ணெய் இல்லை, பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது தொண்டையில் வந்து உட்காருமே, அது. மணி என்ன இருக்கும், இறங்கும்போது ஒன்பதே முக்கால். காற்று திரும்புகிற நேரம். திரும்பியிருக்கிறது. திரும்பியது அவருக்குத் தெரியாதா? என்னைவிடப் பத்து வருஷம் கூடுதலாகக் கடல் பார்த்தவர், துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்காமலா இருப்பார்? இரண்டு. மூன்று. எண்ணத் தொடங்கியிருக்கிறேன் என்பது மூன்றாவதில்தான் தெரிகிறது. கயிற்றை மூன்று இழுப்பு இழுத்தால் மேலே தூக்கவேண்டும், அதுதான் சைகை. கை கயிற்றுக்குப் போகிறது, போய்ப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இழுத்து அவர் தூக்காவிட்டால்? அப்போது தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை, சந்தேகம் எவ்வளவோ தேவலை. ஐந்து. ஆறு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நானே மேலே நீந்தலாம், எட்டுப் பாகம் ஒரு பெரிய தூரமில்லை. நீந்தாமல் மண்டியிட்டிருக்கிறேன். நெற்றிக்குள் யாரோ கட்டைவிரலால் அமுக்குகிறார்கள். எட்டு. ஒன்பது. மூச்சு நன்றாகத்தான் நடக்கிறது, டாக்டர் சொன்னது சரி, அடிவயிறுவரை இறங்குகிறது, இவ்வளவு நேரம் இறங்காதது இப்போது இறங்குகிறது. பதினொன்று. இதைத்தான் அவன் குடித்திருக்கிறான். இதே ருசியை, இதே மணலில். பதினோரு நிமிஷம் ஒருத்தன் இதைக் குடித்துக்கொண்டிருக்க மேலே நான் சிரித்திருக்கிறேன். கால் சில்லென்று இல்லை, இதமாக இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்தால் நன்றாயிருக்கும். பதின்மூன்று. போதும் என்று தோன்றுகிறது. மச்சானுக்கு எதிராக இல்லை, பயத்தாலும் இல்லை, இதை இனி இழுக்கமாட்டேன் என்று நெஞ்சு தானாகச் சொல்லிவிட்டது. நிறுத்திவிட்டேன். சதைத்தட்டு இறங்கத் துடிக்கிறது, விலா விரியப் பார்க்கிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இடம் விடாமல் இருக்கிறேன். காதில் ரத்தம் அடிக்கிற சத்தம். மணலில் தடம் மங்குகிறது. முடியவில்லை. உடம்பு என்னைக் கேட்காமல் இழுத்துவிட்டது.

குளிர்ந்த காற்று. இன்னொன்று. இதிலும் டீசல் இல்லை, இருக்கிறது, கடைசி வாடை, அதுவும் போய்விட்டது. இடுப்புக் கயிறு இழுபடுகிறது, மூன்று தடவை, அழுத்தமாக. மேலே வரச் சொல்கிறார். எதற்கு? குழாயைத் திருப்பிவிட்டார் என்றால் நான் இங்கேயே இருக்கலாமே, எதற்காக அவசரமாக மேலே? வேகமாக இழுத்தால் அதுவும் ஆளைக் கொல்ல ஒரு வழி. இங்கே இழுத்த ஒரு மூச்சு மேலே போகும்போது இரண்டரை மூச்சாகப் பருக்கும், அடக்கிக்கொண்டு போனால் ஆட்டு நுரையீரல் மாதிரிப் பருத்துக் கிழியும், விட்டுக்கொண்டே போகவேண்டும். பயந்தவன் அடக்குவான். நான் விடுகிறேன். என் குமிழிகளை முந்தாமல், அவற்றுக்குப் பின்னாலேயே, ஊதிக்கொண்டே போகிறேன், விட விட உள்ளே இன்னும் இருக்கிறது, எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று தெரியவில்லை. கயிறு இழுபடவில்லை, நான் ஏறுகிற அளவுக்குத்தான் சுருட்டப்படுகிறது. பச்சை வெளிறுகிறது. வெயில்.

விளிம்பில் என் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிப் போட்டார். நான் பலகையில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தேன். தலை பிளந்தது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, காற்றுக்குழாய் மறுபக்கம் மாட்டப்பட்டிருந்தது, கொக்கியில்கூட மாட்டாமல் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி. அவர் தண்ணீர்க் குப்பியைத் திறந்து என் முகத்தில் ஊற்றினார்.

"புகை வந்திச்சா மாப்ள?"

வந்தது என்றேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நாளைக்கும் இறங்குவேன், நாளைக்கும் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நேவிஸுக்கும் இந்தப் புகைதான் மச்சான் என்றேன். கயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டு முன்னால் போய் போன் பேசிக்கொண்டிருந்தேன், காற்று திரும்பியதைப் பார்க்கவில்லை, அவன் குடிக்கவில்லை, ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. அவர் எழுந்துபோய் கம்ப்ரஸரை நிறுத்தினார்.

"தெரியும்," என்றார். எனக்கு எதிரே உட்காரவில்லை, இன்ஜின் பெட்டி மேல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். "இன்னைக்குக் காத்து திரும்புறப்போ சும்மா உக்காந்துரணும்னுதான் வந்தேன். உக்காந்துதான் இருந்தேன். பதிமூணு தரம் குமிழி வந்திச்சு. பெறகு வரல."

குமிழி வராத அந்த நேரத்தில் தனக்கு என்ன ஆனது என்று தெரியாது, கை தானாகக் குழாயைப் பிடுங்கியது என்றார். பிலோமிக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவளை நீர் ஒன்றும் கேட்கவேண்டாம் என்றார். நான் நம்பினேனா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னைக் கொல்ல வந்தவர், காப்பாற்றியவர், இருவரும் ஒரே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நங்கூரத்தை இழுத்தார். திரும்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"அம்மாகிட்ட வந்து சொல்லும். என்னயப் பத்திச் சொன்னாலும் சரி. அவன் குடிக்கலங்கறத மட்டும் சொல்லும்."

அத்தை வீட்டு முற்றத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாசலோடு நின்றுவிட்டார். ஈரச் சாரத்தோடு நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன், போன் பேசியதை, காற்று திரும்பியதை, ம் என்றதை. பாதியில் சுளகை நிறுத்தினாள். முடித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தாள். "வாயத் திற லாசரு," என்றாள். திறந்தேன். ஊதச் சொன்னாள். ஊதினேன். குடித்துவிட்டு வந்து உளறுகிறேனா என்று பார்க்கிறாள் என்பது புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. அவள் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக. என் மூச்சில் அவளுக்குப் புகைதான் கிடைத்திருக்கும். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அவனுக்கு வலிச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்ல ஒரு அரை மூச்சுப் போதும். வாயைக்கூடத் திறக்கவேண்டாம்.

"மொதல்ல தல வலிச்சிருக்கும் அத்தை," என்றேன். "நெத்திக்குள்ள. பெறகு காலு இதமா இருக்கும். பெறகு உக்காரணும்போல இருக்கும்."

அவள் நெற்றியைத் தன் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், எந்த இடம் என்று கேட்பதுபோல.